அக்காள் போட்டுக்கொண்டாள், தங்கை மறுத்தாள்: தடுப்பூசி முடிவை எது தீர்மானிக்கிறது?

கரும்புத்தோட்டம் (சாட்ஸ்வொர்த், டர்பன்) கேட்டது:

மன்றத்துப் பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கொரோனா காலத்தில், 2021 மே 17 அன்று தென்னாப்பிரிக்காவில் 60 வயது கடந்த பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, எங்கள் சங்கத்தின் சார்பில் வீடு வீடாகப் போய் முதியவர்களின் பெயர்களைக் கைப்பேசியிலேயே பதிவு செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஏறக்குறைய இருநூறு பேருக்குச் செய்திருப்பேன். பெரும்பாலோர் குறுஞ்செய்தி வந்த நாளில் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். சிலர் கடைசிவரை போகவில்லை. அந்தச் சிலரில் என் சின்ன அத்தையும் ஒருவர்.

எனக்கு அத்தைமார் இருவர். இருவரும் கணவரை இழந்தவர்கள். ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே வானொலியைக் கேட்டு, ஒரே வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளைப் படிப்பவர்கள். பெரிய அத்தை தம் முறை வந்த அன்று மடக்கு நாற்காலியையும் ஃபிளாஸ்க்கில் தேநீரையும் எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே வரிசையில் போய் உட்கார்ந்தார். காரணம் கேட்டால், நாற்பது ஆண்டுகளாகத் தமக்கு மருந்து கொடுத்துவரும் டாக்டர் தாமே போட்டுக்கொண்டுவிட்டார் என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

சின்ன அத்தையின் காரணங்கள் மாதத்துக்கு ஒன்றாக மாறின. ஜூனில் ரத்தம் உறையும் என்றார். ஆகஸ்டில், முதலில் வந்த ஊசியை இவர்களே வேண்டாம் என்று ஒதுக்கினார்களே, இது மட்டும் நல்லதென்று எப்படித் தெரியும் என்றார். செப்டம்பரில் புரட்டாசி விரதம் வந்தது. அதன் பிறகு, எனக்குத்தான் காய்ச்சல் வந்து போய்விட்டதே என்று முடித்துவிட்டார். ஒவ்வொரு காரணத்துக்கும் நான் பதில் தேடிக்கொண்டு போனேன். பதில் சொல்லி முடிப்பதற்குள் காரணம் மாறியிருக்கும்.

ஒரே வீடு, ஒரே செய்தி, ஒரே இலவச ஊசி என்றிருக்கும்போது முடிவு மட்டும் ஏன் இரண்டாகிறது? அவர் சொன்ன காரணங்கள் உண்மையான காரணங்களா, அல்லது வேறெதற்கோ போர்த்திய போர்வையா? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வேப்பிலை (ஃபீனிக்ஸ்) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். ஓய்வுக்கு முன் கடைசி ஆண்டை ஒரு சமூகக் கூடத்தில் தடுப்பூசி மேசையில்தான் கழித்தேன். உங்கள் சின்ன அத்தையைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அவருடைய ஆகஸ்டு மாதத்துக் கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது மூடத்தனமான கேள்வி அன்று. 2021 பிப்ரவரி 1 அன்று இந்தியாவிலிருந்து 10 லட்சம் தவணை ஆஸ்ட்ராஜெனிகா ஊசி யோகானஸ்பர்க் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. குடியரசுத் தலைவரே நேரில் போய் வரவேற்றார். ஒரே வாரத்தில், 7ஆம் தேதி, அதை நிறுத்தி வைத்தார்கள். ஏறக்குறைய 2,000 பேரிடம், அவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்களிடம், நடத்திய ஆய்வு ஒன்றில் அப்போது இங்கே பரவியிருந்த பீட்டா வகைக் கொரோனாக் கிருமியால் வரும் இலேசான நோயையும் நடுத்தர நோயையும் அந்த ஊசி மிகக் குறைவாகவே தடுத்தது என்று தெரியவந்ததுதான் காரணம். கடும் நோயைத் தடுக்குமா என்பதை அந்த ஆய்வால் சொல்ல இயலவில்லை. பிப்ரவரி 17 அன்று ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியோடு, சுகாதார ஊழியர்களுக்கான சிசோங்கே திட்டம் தொடங்கியது. சுகாதார ஊழியர் என்ற முறையில் நானும் அதில் போட்டுக்கொண்டேன். ஏப்ரல் 13 அன்று அதையும் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 68 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டதில் 6 பேருக்கு அரிய வகை ரத்த உறைவு ஏற்பட்டதால் அங்கே நிறுத்த, இங்கேயும் நிறுத்தினார்கள். அம்மாத இறுதியில் மீண்டும் தொடங்கியது.

மருத்துவம் படித்தவர்களுக்கு இது எச்சரிக்கையுணர்வு. கண்காணிப்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, மூன்று மாதத்தில் இரண்டு முறை முன்வைத்த காலைப் பின்வைத்தார்கள் என்பதுதான் மனத்தில் நிற்கும். உங்கள் அத்தையிடம் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நான் வாதாடியிருந்தால் தோற்றுத்தான் போயிருப்பேன்.

ஆனால் தம்பி, மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் இதையெல்லாம் கேட்கவேயில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எந்தக் கையில் போடுவீர்கள், அன்று தலைக்குக் குளிக்கலாமா, இதில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கிறதா. இவைதாம் கேள்விகள். ஃபைசர் ஊசியில் விலங்குப் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று சொன்னதும் ஒரு மூதாட்டி, அப்படியானால் இதை முன்பே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். மறுநாளே ஒட்டினோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். புரட்டாசியும் அப்படித்தான். அரசு ‘வூமா’ என்ற பெயரில் முதல் தடுப்பூசி வார இறுதியை 2021 அக்டோபர் 1 முதல் 3 வரை வைத்தது. நம்மவர்களுக்கு அது விரதத்தின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்துக் கோயில் பூசாரி சனிக்கிழமைப் பூசை முடிந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி, தமக்குப் போட்ட இடத்தைக் காட்டிவிட்டு, விரதத்துக்கும் இதற்கும் முரணில்லை என்றார். ஞாயிறு காலையில் நெற்றி நாமத்தோடு பதினோரு பெண்கள் வந்தார்கள். அம்மை குத்திய காலத்திலேயே மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றி, ஊசியும் போட்டுக்கொண்டவர்கள் நம் பாட்டிமார். நம்பிக்கையும் ஊசியும் அவர்களுக்கு ஒரே வீட்டில்தான் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜூமா சிறையில் அடைக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த 2021 ஜூலைக் கலவரத்தில் மருந்துக் கடைகள் சூறையாடப்பட்டன, ஊசி மையங்கள் மூடப்பட்டன, இந்தியர் மிகுந்து வாழும் எங்கள் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர், பெரும்பாலும் கறுப்பின ஆப்பிரிக்கர், கொல்லப்பட்டார்கள். அதுவரை பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து எங்கள் கூடத்துக்கு வந்துகொண்டிருந்த ஆப்பிரிக்கப் பாட்டிமார் பல வாரங்கள் வரவேயில்லை. கணக்கெடுப்பில் அவர்களை ‘தயங்குவோர்’ பட்டியலில் சேர்த்திருப்பார்கள். அவர்கள் தயங்கியது ஊசிக்கா, எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கா?

உங்கள் அத்தையிடம் ஏன் போடவில்லை என்று இனிக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் ஒரு காரணத்தைத் தயாரித்துத்தான் தருவார்கள். குறுஞ்செய்தி வந்த அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

எண்சுவடி (யோகானஸ்பர்க்) எழுதியது:

அம்மையார் எழுதியதை வழிமொழிந்து, ஆய்வுகளின் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு தடுப்பூசித் தயக்கத்துக்கு மூன்று வேர்களைச் சொன்னது: ஊசியின் மீதும் அதைத் தருவோர் மீதும் உள்ள நம்பிக்கை, நோய் தன்னை ஒன்றும் செய்யாது என்ற மெத்தனம், போய்ப் போட்டுக்கொள்வதில் உள்ள வசதி. கொரோனாவுக்கு முன்பே, 2019இல், உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகத் தயக்கத்தை அந்நிறுவனம் பட்டியலிட்டது. எனவே இது கொரோனாவோடு பிறந்த சிக்கல் அன்று.

இம்மூன்றில் நாம் நம்பிக்கையைப் பற்றியே ஓயாமல் பேசுகிறோம், வசதியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் குறை. யோகானஸ்பர்க் பல்கலைக்கழகமும் மனித அறிவியல் ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில், 2021இன் நடுப்பகுதியில் கறுப்பின ஆப்பிரிக்கரில் 75 விழுக்காட்டினர் ஊசிக்கு இசைந்தார்கள். வெள்ளையரில் 52 விழுக்காட்டினரே இசைந்தார்கள். ஆனால் அதுவரை உண்மையில் ஊசி போட்டிருந்தோர் விகிதம் வெள்ளையரிடையேதான் கூடுதல். கார், இணையம், தனியார் மருத்துவக் காப்பீடு ஆகியவை இருந்தவர்கள் அரைமனத்தோடும் போய்ச் சேர்ந்தார்கள். இவை இல்லாதவர்கள் முழுமனத்தோடும் இரண்டு மினிபஸ் டாக்சி மாறி, ஒரு நாள் கூலியை விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. விருப்பம் ஒன்று, வாய்ப்பு மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கத்தால்தான் நம் பேச்சு குழம்புகிறது. வயதும் அப்படியே: 55 வயது கடந்தவர்களில் 85 விழுக்காட்டினர் இசைந்தபோது, 18 முதல் 24 வரையுள்ளோரில் 55 விழுக்காட்டினரே இசைந்தார்கள். நோய் யாரைக் கொல்கிறது என்பதை இரு தரப்பும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, இந்த நாட்டில் ஐயுறவுக்கு ஆவணச் சான்றே உண்டு. 1904இல் யோகானஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது இந்தியர் குடியிருப்பை முழுவதுமாகக் காலி செய்து தீவைத்துக் கொளுத்தினார்கள். காந்தி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த காலம் அது. நிறவெறி அரசின் இரகசிய உயிரி ஆயுதத் திட்டத்தில் கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கருவுறாமைக்கான ஊசியைத் தேடினார்கள் என்பது 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் சாட்சியமாக வெளிவந்தது. அதற்குப் பின் வந்த மக்களாட்சி அரசோ எய்ட்ஸ் மருந்தைத் தாமதப்படுத்தியது. அதனால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். கொரோனா காலத்திலேயே, சுகாதாரத் துறை விழிப்புணர்வு விளம்பரத்துக்காகக் கொடுத்த 15 கோடி ரேண்ட் ஒப்பந்தம் விசாரணைக்கு உள்ளாகி, ஜூனில் சுகாதார அமைச்சர் சுவேலி ம்கிசே சிறப்பு விடுப்பில் அனுப்பப்பட்டு, ஆகஸ்டில் பதவி விலகினார். நோயைப் பற்றி மக்களிடம் எடுத்துச் சொல்வதற்காக ஒதுக்கிய பணத்திலேயே ஊழல் என்ற பேச்சு மூன்றாம் அலை எழுந்த வேளையில் அடிபட்டது. இத்தனைக்குப் பிறகும் நான்கில் மூன்று பேர் இசைந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

ஊக்கத்தொகையைப் பற்றியும் ஒரு வரி. 2021 நவம்பரில் 60 வயது கடந்தவர்களுக்கு முதல் ஊசிக்கு 100 ரேண்ட் பரிசுச்சீட்டு கொடுத்தார்கள். சுவீடனில் 200 குரோனர் கொடுத்துச் செய்த முறையான சோதனையில் போட்டுக்கொண்டோர் விகிதம் 4.2 புள்ளி உயர்ந்தது. பணம் அசைப்பது வேலியின் மேல் உட்கார்ந்திருப்பவரைத்தான். உங்கள் அத்தை வேலியின் மேல் இருந்ததாகத் தெரியவில்லை.

மலையோரம் (பீட்டர்மரிட்ஸ்பர்க்) எழுதியது:

மேலே எழுதிய இருவரும் போட்டுக்கொண்டவர்கள். மறுத்தவனின் குரலும் இங்கே இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டு 20 அன்று 18 வயது கடந்த அனைவருக்கும் ஊசி திறந்துவிடப்பட்டபோது எனக்கு 29 வயது. நான் சதிக் கதைகளை நம்பியவன் அல்லன். கிருமி உண்டு என்றும், ஊசி உயிரைக் காக்கும் என்றும் எனக்குத் தெரியும். ஆயினும் போகவில்லை. என் வயதினருக்கு நோயால் வரும் இடர் சிறிது, ஊசியால் வரும் இடரும் சிறிது. இரண்டு சிறியவற்றுக்கு நடுவே எதையும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்று மனம் சொன்னது. நானே போய்க் கையை நீட்டி, அதனால் ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பழி என்னுடையது. தானாக வந்த காய்ச்சலுக்கு யார் மேலும் பழியில்லை. இளம் ஆண்களுக்கு மிக அரிதாக இதயத் தசை அழற்சி வரக்கூடும் என்ற செய்தியைப் படித்தபின் இந்தக் கணக்கு இன்னும் உறுதியாயிற்று. நோயினாலும் அதே அழற்சி வரும் என்பதை அடுத்த பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தியை நான் படித்தது பல மாதங்களுக்குப் பிறகு.

அலை ஏறும்போது போகலாம் என்று தோன்றும், மையங்களில் கூட்டமாயிருக்கும். அலை இறங்கியதும், இனி எதற்கு என்று தோன்றும். டிசம்பரில் ஒமைக்ரான் வந்தபோது என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்; எல்லோரும் ஒரு வாரத்தில் எழுந்து வந்தார்கள். அந்த அலைக்கு முன்பே கௌடெங் மாகாணத்தில் 73 விழுக்காட்டினரின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தது என்று பின்னால் படித்தேன். அதற்குக் கொடுத்த விலை எத்தனை உயிர் என்பதை அந்த எண் சொல்லாது.

கடைசியில் 2022இல் நிர்வாகம் கட்டாயமாக்கியதால் போட்டுக்கொண்டேன். கை இரண்டு நாள் வலித்தது, வேறொன்றும் இல்லை. இருந்தும் ஊக்க ஊசிக்கு இன்றுவரை போகவில்லை. கட்டாயப்படுத்தியது ஒரு ஊசிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த ஊசிக்கு வரும் மனத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அம்மாவின் மருத்துவரோ, வேறெவரோ, உன் கணக்கில் எந்த வரி தவறு என்று உட்கார்ந்து காட்டியிருந்தால் ஆகஸ்டிலேயே போயிருப்பேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் ஒன்று என்னைத் திட்டினார்கள், அல்லது எனக்கு விளம்பரம் காட்டினார்கள்.

கடலோரக் காற்று (ரோஸ் ஹில், மொரிஷியஸ்) எழுதியது:

மொரிஷியஸிலிருந்து சிறு குறிப்பு. இங்கே 2021 ஜனவரி இறுதியிலேயே, இந்தியா அனுப்பிய கோவிஷீல்டுடன் ஊசி தொடங்கிவிட்டது. பின்னர் கோவாக்சின், சினோஃபார்ம் என்று பலவும் வந்தன. எங்கள் தெருவில் மக்கள் கேட்ட கேள்வி, போடலாமா என்பதன்று. எதைப் போட்டால் பிள்ளைகளைப் பார்க்கப் போகலாம் என்பதே. 2021 ஜூலையில் பிரான்ஸ் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது, சினோஃபார்மையும் கோவாக்சினையும் ஏற்கவில்லை. பாரிசில் மகனும் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் மகளும் உள்ள என் மாமியார், மருத்துவப் பயன் ஒன்றையும் விசாரிக்காமல், மையத்தில் அன்று எந்த ஊசி என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளம்பினார். இதை விருப்பம் என்று சொல்லலாமா என்று எண்சுவடி ஐயாதான் சொல்ல வேண்டும்.

வேப்பிலை (ஃபீனிக்ஸ்) எழுதியது:

மலையோரம் தம்பிக்கு: நீங்கள் எழுதியதைப் படித்து வருந்தினேன். எங்கள் கூடத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானோர். ஒருவருக்கு இரண்டு நிமிடம், ஊசிக்குப் பின் பதினைந்து நிமிடம் உட்கார்த்தி வைத்தல். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். அப்போது ஊசி ஏறிவிட்டிருக்கும். முன்னால் பேச ஒரு நாற்காலியும் ஓர் ஆளும் கேட்டேன். கிடைக்கவில்லை.

கரும்புத்தோட்டம் (சாட்ஸ்வொர்த்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேப்பிலை அம்மா சொன்னபடி, நேற்று மாலை சின்ன அத்தையிடம் குறுஞ்செய்தி வந்த நாளைப் பற்றி மட்டும் கேட்டேன். நெடுநேரம் முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

அன்று அவர் போயிருக்கிறார். பெரிய அத்தையிடமும் சொல்லாமல், தனியாக, டாக்சி பிடித்துப் போயிருக்கிறார். மூன்று மணி நேரம் நின்று மேசைக்கு வந்தபோது, பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். மேசையிலிருந்த ஆள் பின்னால் நின்றவர்கள் காதில் விழும்படி, உங்கள் பெயரையே உங்களுக்கு எழுதத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். அத்தைக்கு ஆங்கிலம் பேசத் தெரியும், எழுத வராது.

நம் குடும்பப் பெயர்கள், முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த காலத்தில், கரும்புத் தோட்டத்துப் பதிவேடுகளில் எழுதியவர் காதில் விழுந்தபடி ஏறியவை என்பது எல்லோருக்கும் தெரியும். படையாச்சி என்ற எங்கள் பெயரையே எங்கள் தெருவில் நான்கு விதமாக எழுதுவார்கள். அத்தையின் அட்டையில் இருந்தது ஒன்று. பதிவில் ஏறியது, நான் என் பெயரை எழுதும் விதம்.

பதிவு செய்தவன் நான்தான். அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்து, எண்ணை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெயரைப் பார்க்காமலே தட்டினேன். அது உனக்குத் தெரிந்தால் உன் மனம் கஷ்டப்படுமென்றுதான் ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ சொன்னேன் என்றார் அத்தை.

அந்த இருநூறு பேரின் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. போகாதவர்கள் என்று நான் குறித்து வைத்திருந்த பதினேழு பெயர்களை இன்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.